கொக்கியை விட்ட பிறகுதான் ஜிப் பிறந்தது

போன மாதம் என் தோள்பையின் ஜிப் வாய் பிளந்துகொண்டது. ரன்னர் ஓடுகிறது, ஆனால் ஓடிய தடத்தில் பல் சேரவில்லை. புது ஜிப் தைக்கச் சொல்லிவிடுவார் என்று நினைத்துக்கொண்டே பஸ் ஸ்டாண்டுக்கு வெளியே பேக் தைக்கிறவரிடம் கொடுத்தேன். அவர் பல் பக்கம் திரும்பவே இல்லை. ரன்னரின் பின்புற ஓரத்தைக் கட்டிங் பிளேயரால் இந்தப் பக்கம் ஒரு அழுத்து, அந்தப் பக்கம் ஒரு அழுத்து. இழுத்தார், மூடியது. "பல்லு நல்லாத்தான் இருக்கு சார், ரன்னர்தான் வாய் அகண்டுபோச்சு" என்று சொல்லி 20 ரூபாய் வாங்கிக்கொண்டார்.

அவர் நசுக்கியது ஒரு மில்லிமீட்டரில் பாதிகூட இருக்காது. அவ்வளவு சின்ன நசுக்கலுக்கு ஏன் இவ்வளவு பலன் என்று யோசித்தால், 1917 மார்ச் 20 அன்று அமெரிக்காவில் வழங்கப்பட்ட 1,219,881 எண் காப்புரிமையில் போய் நிற்போம். 'பிரிக்கக்கூடிய பிணைப்பான்' என்பதுதான் அதன் தலைப்பு. ஜிப்பர் என்ற பெயர் வந்து ஒட்ட இன்னும் ஆறு வருடம் இருந்தது. காப்புரிமை வாங்கியவர் கிடியன் சன்ட்பேக், சுவீடனிலிருந்து வந்த மின் பொறியாளர். ஆனால் ஒரு ரன்னரை இழுத்து இரண்டு வரிசையைப் பூட்டலாம் என்ற யோசனைக்கு 24 வருடம் முன்பே, 1893-லேயே, வேறொருவர் காப்புரிமை வாங்கிவிட்டார். யோசனை சரி, பணம் போட ஆள் இருந்தார், கம்பெனியும் இருந்தது. அப்படியும் சாமான் ஏன் ஓடவில்லை? நான் பார்க்கப்போவது அந்த 24 வருடத்தை.

ஷூவில் ஆரம்பித்த கதை

அவர் பெயர் விட்கோம்ப் ஜட்சன். சிகாகோக்காரர். விற்பனைப் பிரதிநிதியாக ஊர் ஊராக அலைந்தபடியே இயந்திரங்களை யோசித்தவர். அழுத்தப்பட்ட காற்றால் தெருவில் டிராம் ஓட்டலாம் என்று அதற்காகவே வரிசையாகக் காப்புரிமைகள் வாங்கினார். டிராம் நிலைக்கவில்லை. மின்சார டிராம் வந்து அதை ஓரங்கட்டிவிட்டது.

அடுத்துக் கை வைத்தது ஷூவில். அந்தக் காலத்து உயர ஷூக்களில் கணுக்காலுக்கு மேல் வரை வரிசையாகப் பொத்தான். ஒவ்வொன்றையும் காஜாவுக்குள் தள்ளுவதற்கென்றே கொக்கி போட்ட ஒரு கம்பியை வீட்டில் வைத்திருப்பார்கள். ஜட்சன் இரண்டு பக்கமும் கொக்கிகளும் வளையங்களும் கொண்ட சங்கிலியை வைத்து, நடுவில் ஒரு 'வழிகாட்டி'யை ஓட்டினார். ஓட ஓட அது கொக்கிகளைச் சரியான கோணத்துக்குத் திருப்பி ஒன்றோடொன்று மாட்டிவிடும். 1893 ஆகஸ்ட் 29 அன்று இதற்கு இரண்டு காப்புரிமைகள் கிடைத்தன. அதே வருடம் சிகாகோவில் நடந்த உலகக் கண்காட்சியிலும் வைத்தார். இதில் எனக்குப் பிடித்த விஷயம், அந்த முதல் வடிவத்தில் ரன்னர் ஜிப்போடு சேர்ந்ததே இல்லை. சாவி மாதிரி தனிச் சாமான். பூட்டியதும் கழற்றி எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். தொலைத்தால் ஷூவைக் கழற்றுவது எப்படி என்பது வாங்கியவர் பாடு.

பணம் போட்டவர் லூயிஸ் வாக்கர், பென்சில்வேனியாவின் மெட்வில் ஊர் வக்கீல். கர்னல் வாக்கர் என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். இந்தக் கதையில் யாருக்காவது பிடிவாதத்துக்குப் பரிசு கொடுப்பதென்றால் அது ஜட்சனுக்கும் இல்லை, சன்ட்பேக்குக்கும் இல்லை, இந்த வக்கீலுக்குத்தான். கம்பெனி சிகாகோவிலிருந்து ஓஹாயோவுக்குப் போனது, அங்கிருந்து நியூ ஜெர்சியின் ஹோபோக்கனுக்கு. பெயரும் மாறிக்கொண்டே வந்தது. பணம் வரவில்லை, போய்க்கொண்டே இருந்தது. மனிதர் விலகவில்லை.

சிக்கல் இரண்டு இடத்தில் இருந்தது. முதலாவது, செய்வது. சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியும் பல துண்டு. கையால் கோத்தால் விலை கட்டாது. சரி, இயந்திரத்தில் செய்யலாம் என்று ஜட்சனே ஒன்றை வடிவமைத்தார். அது தயாரிக்கவேண்டிய சாமானைவிடச் சிக்கலாகி, உருப்படியாக ஓடவே இல்லை. தொழிற்சாலைக்கான அச்சும் கருவியும் செய்யும் டூல் ரூமில் வேலை பார்த்தவர்களுக்கு இந்தக் கதை புதிதல்ல. வரைபடத்தில் அழகாக நிற்கும் உருப்படி, அதற்கு டை, அதாவது அச்சு, போட உட்காரும்போதுதான் தன் குணத்தைக் காட்டும்.

இதைப் புரிந்துகொண்டு 1905 வாக்கில் ஜட்சன் வடிவத்தைச் சுருக்கினார். சங்கிலியை விட்டுவிட்டு, கொக்கிகளை ஒரு துணி நாடாவின் ஓரத்திலும் வளையங்களை இன்னொரு நாடாவின் ஓரத்திலும் கவ்வவிட்டார். இது பெரிய முன்னேற்றம், ஏனென்றால் நாடாவாக இருந்தால் தையல்காரர் எதில் வேண்டுமானாலும் வைத்துத் தைக்கலாம். ஜிப் இன்றைக்கும் நாடாவோடுதான் வருகிறது. 'சி-கியூரிட்டி' என்று பாதுகாப்பு என்ற அர்த்தம் தொனிக்கப் பெயர் வைத்துப் பெண்களின் பாவாடைக்கும் ஆண்களின் கால்சட்டைக்கும் விற்றார்கள். ஒரு இழுப்பு, வேலை முடிந்தது என்று விளம்பரம்.

இரண்டாவது சிக்கல் அங்கேதான் வெடித்தது. நிஜமாகவே வெடித்தது. போட்டுக்கொண்டு நின்றால் பூட்டியிருக்கும், உட்கார்ந்தால் திறந்துகொள்ளும். பாவாடையில், கால்சட்டையில், நாலு பேர் நடுவில். பாதுகாப்பு என்று பெயர் வைத்த சாமானுக்கு இதைவிடக் கெட்ட பெயர் வேண்டுமா?

உட்கார்ந்தால் ஏன் திறந்தது

கொக்கியும் வளையமும் நம் ரவிக்கையில் காலம் காலமாக நன்றாகத்தான் வேலை செய்கின்றன. அங்கே ஒவ்வொரு கொக்கியையும் விரல் தனித்தனியாக மாட்டுகிறது. துணியை இழுத்து, கொக்கியைச் சாய்த்து, வளையத்துக்குள் நுழைத்து விடுகிறோம். பிறகு துணியின் இழுவையே அதைப் பிடித்துவைக்கிறது. விரல் செய்யும் அந்தச் சாய்ப்பும் நுழைப்பும் ஒரு உலோகப் பெட்டிக்குள், ஓடிக்கொண்டிருக்கும்போதே நடக்க வேண்டுமென்றால், கொக்கியின் வாய் தாராளமாகத் திறந்திருக்க வேண்டும். கொஞ்சம் ஆட்டம் வேண்டும். நுழைவதற்காகக் கொடுத்த அந்த ஆட்டம், நுழைந்த பிறகும் அங்கேயேதான் இருக்கிறது. துணி மடங்கியதும் இழுவை தளரும், கொக்கி உள்ளே வந்த வழியிலேயே வெளியே போய்விடும்.

அதோடு, அந்த வடிவத்தில் அங்குலத்துக்கு சுமார் நாலு கொக்கிதான். உட்காரும்போது நாடா வளைகிற வளைவு முழுவதையும் அந்த நாலு இடைவெளிகள்தான் பங்குபோட்டுக்கொள்ள வேண்டும். ஒவ்வொன்றும் பெரிதாகப் பிளக்கும்.

தப்பு யோசனையில் இல்லை, ரன்னரிலும் இல்லை. கொக்கி என்ற பழைய சாமானைப் புது வேலைக்கு இழுத்து வந்ததில் இருந்தது. ஜட்சன் 1909-ல் இறக்கும்வரை கொக்கியை விடவில்லை.

சன்ட்பேக்கின் மூன்று முயற்சிகள்

கிடியன் சன்ட்பேக் 1880-ல் சுவீடனின் ஸ்மாலண்டு பகுதியில் பிறந்தவர். ஜெர்மனியின் பிங்கனில் மின் பொறியியல் படித்துவிட்டு 1905-ல் அமெரிக்கா போனார். முதலில் பிட்ஸ்பர்கில் வெஸ்டிங்ஹவுஸில் வேலை. பெரிய மின் இயந்திரங்களின் உலகம் அது. அதை விட்டுவிட்டு 1906-ல் ஹோபோக்கனில் தள்ளாடிக்கொண்டிருந்த ஒரு கொக்கிக் கம்பெனிக்கு ஏன் வந்தார் என்றால், கம்பெனியின் தொழில்நுட்பத்தைப் பார்த்துக்கொண்டிருந்த பீட்டர் ஆரன்சனும் சுவீடன்காரர், அவருக்கு எல்விரா என்று ஒரு மகள் இருந்தாள் என்று சொல்வதுண்டு. 1909-ல் இருவருக்கும் கல்யாணம் ஆனது.

முதல் முயற்சி, ஜட்சனின் கொக்கியையே சீர்செய்வது. கொக்கி எளிதில் நழுவாதபடி வடிவத்தை மாற்றி 'பிளேக்கோ' என்ற பெயரில் விற்றார்கள். முன்பைவிடப் பரவாயில்லை, அவ்வளவுதான். வளைத்தால் அதுவும் விட்டுவிட்டது.

1911-ல் குழந்தை பிறந்த கையோடு எல்விரா இறந்துபோனார். சன்ட்பேக் வேலைக்குள் போய்ப் புதைந்துகொண்டார். அடுத்த இரண்டு வருடத்தில் நடந்ததுதான் விஷயம்.

இரண்டாவது முயற்சியில் கொக்கியை முழுதாகத் தூக்கி எறிந்தார். ஒரு பக்க நாடாவின் ஓரத்தில் தடித்த கயிற்று விளிம்பு. மறுபக்கம் வரிசையாக உலோகத் தாடைகள். ரன்னர் போகும்போது தாடைகள் கயிற்றைக் கவ்வும். கொக்கியே இல்லாததால் 'ஹுக்லெஸ் 1' என்று பெயர். ஆரம்பத்தில் பிடித்தது. ஆனால் உலோகம் துணியைக் கடித்துக்கொண்டே இருந்தால் என்ன ஆகும்? கொஞ்ச நாளில் கயிறு நைந்துவிட்டது. தோல்விதான், ஆனாலும் அதன் பெயரை நம்பி 1913-ல் வாக்கர் தன் சொந்த ஊரான மெட்வில்லில் புதுக் கம்பெனி தொடங்கினார். கொக்கி-வளையம் கம்பெனி என்றிருந்தது கொக்கியில்லாக் கம்பெனி ஆனது. என்ன நடந்தது என்பதை இரண்டு பெயர்ப்பலகையே சொல்லிவிடுகிறது.

அந்த வருடக் கடைசியில் மூன்றாவது முயற்சி, 'ஹுக்லெஸ் 2'. இப்போது உங்கள் ஜீன்ஸில் இருப்பது கிட்டத்தட்ட அதுதான். முடிந்தால் ஒரு உலோக ஜிப்பைக் கையில் எடுத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

இரண்டு பக்கப் பல்லும் ஒன்றுபோலவே இருக்கும். இந்தப் பக்கம் கொக்கி, அந்தப் பக்கம் வளையம் என்ற ஆண்-பெண் பேதம் போய்விட்டது. ஒவ்வொரு பல்லின் நுனியிலும் ஒரு முகத்தில் சின்ன மேடு, மறு முகத்தில் அதே அளவு குழி. குழிக்கரண்டிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் ஒன்றின் முதுகு அடுத்ததன் குழியில் உட்காருமே, அந்த மாதிரி. இடது பல், வலது பல், இடது பல் என்று மாறி மாறி அடுக்கிக்கொள்ளும்படி ஒரு வரிசை மற்றதைவிட அரைப் பல் தள்ளி இருக்கும்.

இப்போது முக்கியமான இடம். நாடா நேராக இருக்கும்போது ஒரே வரிசையின் இரண்டு பற்களுக்கு நடுவே உள்ள சந்தில், எதிர்ப் பக்கத்துப் பல் மேட்டோடு சேர்ந்து நுழைய இடமே கிடையாது. பிறகு எப்படி நுழைகிறது? ரன்னரின் முன்பக்கம் இரண்டு கால்வாய்கள் வளைந்து பிரிந்து போவதைப் பாருங்கள். சீப்பு வளையக்கூடியதாக இருந்து, அதன் முதுகை உள்ளே குழித்து வளைத்தால் பற்களின் நுனி விரியுமல்லவா? நாடா அந்த வளைவில் போகும்போது அதே மாதிரி பற்களின் நுனிகள் விரிகின்றன. விரிந்த சந்தில் எதிர்ப் பல் வந்து உட்காருகிறது. ரன்னர் கடந்ததும் நாடா நேராகிறது, சந்து சுருங்குகிறது, மேடு குழிக்குள் சிறைப்படுகிறது. பக்கவாட்டில் எவ்வளவு இழுத்தாலும் வராது. திறக்க வேண்டுமானால் திரும்பவும் ரன்னரைக் கொண்டுவந்து வளைக்க வேண்டும்.

ஜட்சனின் கொக்கிக்கு நுழைவதற்கான ஆட்டம் எப்போதும் இருந்தது. சன்ட்பேக் அந்த ஆட்டத்தை ரன்னருக்குள் மட்டும், அது ஓடும் அந்த ஒரு நொடிக்கு மட்டும் இருக்கும்படி செய்துவிட்டார். என்னைக் கேட்டால் மொத்தக் கண்டுபிடிப்பும் இதில்தான் இருக்கிறது. இதற்கு மேல், அங்குலத்துக்கு நாலாக இருந்ததைப் பத்துக்கு மேல் கொண்டுபோனார். இப்போது உட்காரும்போது வரும் வளைவைப் பத்துச் சந்துகள் பகிர்ந்துகொள்கின்றன, எந்த ஒன்றும் மேடு குழியை விட்டு வெளிவரும் அளவுக்குப் பிளப்பதில்லை.

பேக் தைக்கிறவரின் கட்டிங் பிளேயரும் இங்கேதான் வருகிறது. பின்பக்கம் இரண்டு கால்வாயும் ஒன்றாகிற இடத்தில் ரன்னரின் மேல் தகடும் கீழ்த் தகடும் பற்களை இறுக்கிப் பிடித்து ஒன்றையொன்று சந்திக்க வைக்க வேண்டும். வருடக்கணக்கில் இழுத்து இழுத்துத் தகடுகள் விலகிவிட்டால், பல் மேலும் கீழுமாக ஏறி, மேடு குழியைத் தவறவிடுகிறது. நசுக்கினால் பழைய அளவு திரும்புகிறது. பல் ஒன்று விழுந்துவிட்டால் மட்டும் இந்த வைத்தியம் பலிக்காது. பக்கத்துப் பல்லுக்குச் சுவர் போய்விட்டதே.

கம்பியும் இயந்திரமும்

காப்புரிமைக்கு 1914 ஆகஸ்ட் 27 அன்று விண்ணப்பித்தார்கள், கிடைத்தது 1917-ல். இதற்கு முன்பே 1911 வாக்கில் சூரிச்சைச் சேர்ந்த காதரினா குன்-மோஸ், ஹென்றி ஃபோர்ஸ்டர் என்ற இருவர் கிட்டத்தட்ட இதே போன்ற ஒன்றுக்குக் காப்புரிமை வாங்கியிருந்தார்கள். அது உற்பத்திக்கு வரவில்லை. இன்னும் பின்னால் போனால் தையல் இயந்திரப் புகழ் எலியாஸ் ஹோவே 1851-லேயே துணியை வரிசையாகப் பூட்டும் ஒரு சாதனத்துக்குக் காப்புரிமை வாங்கி, அப்படியே போட்டுவிட்டார். காகிதத்தில் ஜிப்புக்குப் பஞ்சமே இல்லை.

மெட்வில் ஜெயித்ததற்குக் காரணம் பல்லைச் செய்யும் இயந்திரம். அங்குலத்துக்குப் பத்துப் பல், ஒவ்வொன்றும் ஒரே அளவு. ஒரு பல் கொஞ்சம் தடித்தாலும் அந்த இடத்தில் ரன்னர் நிற்கும், மெலிந்தால் பிளக்கும். சாதாரணமாக யோசித்தால் தகட்டிலிருந்து பல்லை வெட்டி எடுப்போம். அப்படிச் செய்தால் பல்லாவதைவிடக் குப்பையாவது அதிகம். சன்ட்பேக் கம்பியையே கவட்டைக் கம்பு மாதிரி கிளைவிட்ட குறுக்குவெட்டு உள்ள கம்பியாக உருட்டவைத்தார். அந்தக் கம்பியைத் துண்டு போட்டாலே ஒவ்வொரு சீவலும் இரண்டு காலுள்ள பல். தலையில் ஒரு குத்து குத்தினால் ஒரு பக்கம் குழி, மறுபக்கம் மேடு. இரண்டு காலையும் நாடாவின் விளிம்பில் வைத்து நெருக்கினால் முடிந்தது. வெட்டு, குத்து, நெருக்கு மூன்றையும் ஒரே இயந்திரம் அடுத்தடுத்துச் செய்யும், கழிவு கிட்டத்தட்ட இல்லை. கழிவில்லாதது என்ற அர்த்தத்திலேயே அதற்குப் பெயரும் வைத்தார்கள்.

பல்லின் வடிவத்தையும் அதைச் செய்யும் விதத்தையும் ஒரே தலை யோசித்ததால்தான் இது முடிந்தது என்று நினைக்கிறேன். ஜட்சனிடம் சாமான் முதலில், இயந்திரம் பிறகு. சன்ட்பேக்கிடம் எது முதலில் என்றே பிரிக்க முடியாது. இந்த வேலைக்காகத் தேர்ந்த டூல் அண்ட் டை ஆட்களை வளர்த்த மெட்வில், ஜிப் போன பிறகும் அந்தத் தொழிலுக்குப் பெயர்போன ஊராக நிலைத்துவிட்டது.

வாங்கியது யார்

துணிக்காரர்கள் வாங்கவில்லை. பொத்தான் சல்லிசு, ஜிப் விலை அதிகம், 'சி-கியூரிட்டி'யின் ஞாபகமும் போகவில்லை. முதல் வாடிக்கையாளர்கள் மாலுமிகள். கப்பற்படைச் சீருடையில் பை இல்லாததால் முதல் உலகப்போர் சமயத்தில் ஜிப் வைத்த பணக் கச்சைகள் விற்றன. பிறகு விமானிகளின் உடைக்குக் கொஞ்சம். அப்புறம் புகையிலைப் பை. பொடி சிந்தாமல் ஒரே இழுப்பில் மூடும் பை என்றதும் வியாபாரம் நன்றாகவே நடந்தது.

1923-ல் பி.எஃப். குட்ரிச் ரப்பர் கம்பெனி சேற்றுக்கும் பனிக்கும் போடும் தன் மேல்ஷூவில் இதை வைத்தது. முதலில் 'மிஸ்டிக் பூட்' என்று பெயர், பிறகு இழுக்கும்போது வரும் சத்தத்தை வைத்து 'ஜிப்பர்' என்று மாற்றினார்கள். அது ஷூவின் பெயர், அதை மூடும் பிணைப்பானின் பெயர் இல்லை. ஜனங்கள் இந்த வித்தியாசத்தையெல்லாம் பார்க்கவில்லை, பிணைப்பானையே ஜிப்பர் என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். குட்ரிச் வழக்காடியும் ஷூ வகைக்கு மட்டும்தான் அந்தப் பெயரைக் காப்பாற்ற முடிந்தது. பிரிட்டனில் அது 'ஜிப்' என்று குறைந்தது. நம் தையல் கடைகளில் ஜிப்பர் என்று சொல்லாமல் ஜிப் என்று சொல்வது அந்த வழியில் வந்த பழக்கம்தான். ஆக, 1893-ல் ஷூவுக்காகப் பிறந்த சாமான், 30 வருடம் சுற்றிவிட்டு ஷூவிலேயே பெயர் வாங்கியது. துணியில் அது நிலையாக இடம்பிடித்தது 1930-களில்தான். 1935-ல் பாரிஸின் உடை வடிவமைப்பாளர் எல்சா ஸ்கியாபரெல்லி ஜிப்பை ஒளிக்காமல் வெளியே தெரியும்படி உடைகளில் வைத்துக் காட்டினார்.

மெட்வில் கம்பெனி 1937-ல் டேலன் என்று பெயர் மாற்றிக்கொண்டது. சன்ட்பேக் கனடாவுக்கான உரிமையைத் தன் கையில் வைத்திருந்து, 1925-ல் அங்கே ஒன்டாரியோவின் செயின்ட் கேத்தரின்ஸில் தனிக் கம்பெனி நடத்தினார். வாழ்ந்தது, 1954-ல் இறந்தது எல்லாம் மெட்வில்லில்தான்.

அமெரிக்கக் காப்புரிமைக்கு அப்போது 17 வருட ஆயுள். 1917-ல் கிடைத்தது 1934-ல் காலாவதியானது. ஜிப் துணிக்குள் நுழைந்து நிஜமான பணம் பார்க்கும் சமயத்தில் வேலி விழுந்துவிட்டது. அதே 1934 ஜனவரியில் டோக்கியோவில் தடாவோ யோஷிடா என்பவர் ஜிப் விற்கும் சின்னக் கம்பெனி ஒன்றைத் தொடங்கினார். ஆரம்பத்தில் பல்லைக் கையால் கோத்தார்கள், ஜட்சனின் ஆட்களைப் போலவே. போருக்குப் பிறகு அமெரிக்க இயந்திரத்தை வரவழைத்தார், பிறகு தாமே இயந்திரம் கட்டினார்கள். உங்கள் ரன்னரைத் திருப்பிப் பார்த்தால் ஒய்.கே.கே. என்ற மூன்று எழுத்து இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. அது இந்தக் கம்பெனிதான்.

என் தோள்பையில் அந்த மூன்று எழுத்து இல்லை. பல்லும் உலோகமில்லை, நைலான் இழையைச் சுருளாகச் சுற்றி நாடாவில் வைத்துத் தைத்த வகை. சன்ட்பேக்கின் கரண்டிப் பல் அதில் கிடையாது. அரைப் பல் தள்ளி நிற்பதும் வளைவில் விரிவதும் மட்டும் அப்படியே இருக்கின்றன. நசுங்கிய ரன்னர், 1893-ல் ஷூவுக்குத் தனிச் சாவியாக வந்தது.